ரஷ்யாவின் மீட்புக் கடன், 1861: ஒரு மதிப்பீடு

1861 பிப்ரவரி 19 அறிக்கை ரஷ்யாவில் சுமார் 2.3 கோடி பண்ணையடிமைகளை விடுவித்தது. நிலம் வாங்க அரசு மீட்புக் கடன் என்ற ஒரு கடனையும் நீட்டியது. வெறும் கடன் திட்டமாக எடைபோட்டாலும் அது தேறாது.

ஆண்டைக்கு வருஷம் 6 ரூபிள் கட்டிவந்த குடியானவரை எடுத்துக்கொள்வோம். அந்த 6 ரூபிளை 6 சதவீத வட்டியாகக் கணக்கிட்டு, நிலத்தின் விலை 100 ரூபிள் என்று எழுதினார்கள். முழு அளவு நிலமென்றால் 80 ரூபிளை அரசு கடன்பத்திரமாக ஆண்டைக்குத் தரும். மீதி 20 குடியானவர் பொறுப்பு. அந்த 80-க்காக அவர் அரசுக்குக் கட்ட வேண்டியது வருஷம் 4 ரூபிள் 80 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்), 49 வருஷம். கூட்டினால் 235 ரூபிள் 20 கோபெக்!

கோளாறு அடிப்படை விலையிலேயே இருக்கிறது. மண் வளமற்ற வடக்கில் அந்த 6 ரூபிள் வயலில் விளைந்ததல்ல, வெளியூர்க் கூலியில் வந்தது. ஆளுக்கு விலை இல்லை என்றது சட்டம். ஆனால் ஆளின் விலை சத்தமில்லாமல் நிலத்தின் மேல் ஏறியது. இது பெரிய அநியாயம்.

அடுத்தது கூட்டுப் பொறுப்பு. ஒருவர் கட்டாவிட்டால் ஊரே கட்ட வேண்டும். அதனால் வெளியூர் போகும் அனுமதிச் சீட்டை ஊர்ச்சபை எளிதில் தராது. பல இடங்களில் பழைய நிலத்தில் ஒரு பகுதியை ஆண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். மேய்ச்சலுக்கு மறுபடி அவரிடமே போக வேண்டியிருந்தது.

1905 கிளர்ச்சிக்குப் பிறகே தவணை பாதியானது. 1907 ஜனவரியில் ரத்தானது.