மெயில் சர்வருக்கு முன்னால் ஏ.எஸ்.எஸ்.பி.: என் அனுபவம்

மொரீஷியஸின் போர்ட் லூயியில் ஒரு துணி மொத்த வியாபாரக் கடையின் கம்ப்யூட்டர் வேலைகள் என் பொறுப்பு. திருப்பூரிலிருந்து வரும் பில் ஆங்கிலத்தில் இருக்கும். உள்ளூர் வாடிக்கையாளர்கள் பிரெஞ்சில் எழுதுவார்கள். முன்பு மாதக் கட்டணம் கட்டி வைத்திருந்த ஸ்பேம் சேவை, பிரெஞ்சு ஆர்டர்களைக் குப்பையில் தள்ளிவிட்டு லாட்டரி மெயிலை உள்ளே விட்டது. அதை நிறுத்திவிட்டு, மெயில் சர்வருக்கு முன்னால் நின்று ஸ்பேமை வடிகட்டும் ஏ.எஸ்.எஸ்.பி. (Anti-Spam SMTP Proxy) போட்டோம். பெர்ல் என்ற நிரல்மொழியில் எழுதிய இலவச மென்பொருள், லைசென்ஸ் செலவே இல்லை.

மெயில் சர்வரை மாற்ற வேண்டியதில்லை என்பதுதான் இதில் பெரிய நிம்மதி. வெளியிலிருந்து மெயில் வரும் 25ஆம் போர்ட்டில் (சர்வரின் நெட்வொர்க் வாசல்) ஏ.எஸ்.எஸ்.பி. உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸை 125ஆம் போர்ட்டுக்கு நகர்த்தினேன். அனுப்பும் சர்வர் இன்னும் இணைப்பில் இருக்கும்போதே சோதனை முடிந்துவிடும். ஸ்பேம் என்றால் அங்கேயே மறுப்பு. நல்ல மெயில் தப்பித்தவறி மாட்டினாலும் அனுப்பியவருக்கு உடனே தகவல் போய்விடும், சத்தமில்லாமல் காணாமல் போகாது. வியாபாரத்துக்கு இது மிக முக்கியம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, அது எங்களிடமிருந்தே கற்றுக்கொள்வது. கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவருக்கு மெயில் அனுப்பினால், அந்த முகவரி தானாக நம்பகமானவர் பட்டியலில் சேர்ந்துவிடும். அவரிடமிருந்து வரும் பதில்கள் நல்ல மெயில் மாதிரிகளாகச் சேரும். எங்கள் கடைக்கு வரும் பிரெஞ்சு மெயில் எப்படி இருக்கும் என்பது இப்போது அதற்கு அத்துப்படி. தப்பி வந்த ஸ்பேமை அக்கா ஒரு தனி முகவரிக்கு ஃபார்வர்ட் செய்தால் போதும், அதையும் மாதிரியாக எடுத்துக்கொள்ளும். ஆனால் வெளியே போகும் மெயிலும் ஏ.எஸ்.எஸ்.பி. வழியாகவே போக வேண்டும். இல்லாவிட்டால் பட்டியல் வளராது.

நிறுவுவது எளிது என்று சொல்ல மாட்டேன். பெர்ல் மாட்யூல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். 55555ஆம் போர்ட்டில் திறக்கும் அமைப்புப் பக்கம் முடிவே இல்லாமல் நீளும். அதில் உள்ளூர் டொமைன் பட்டியலை (உங்கள் சொந்த மெயில் டொமைன்கள்) மட்டும் முதலில் சரியாக நிரப்பிவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸுக்கு இப்போது எல்லா மெயிலும் 127.0.0.1லிருந்து, அதாவது அதே கம்ப்யூட்டரிலிருந்து, வருவதாகத்தான் தெரியும், அதை அது நம்பிவிடும். ஏ.எஸ்.எஸ்.பி. தடுக்காவிட்டால் ஊரில் உள்ளவனெல்லாம் உங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்புவான். அனுப்பும் சர்வருக்கு அந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்.பி.எஃப். சோதனையையும் போஸ்ட்ஃபிக்ஸிலிருந்து எடுத்து ஏ.எஸ்.எஸ்.பி.யிடம் கொடுத்துவிடுங்கள்.

புதிதாக எழுதுபவரின் முதல் மெயிலைச் சற்று நேரம் தாமதப்படுத்தும் வசதியும் உண்டு. ஸ்பேம் நன்றாகக் குறைகிறது. ஆனால் போனில் பேசிக்கொண்டே 'மெயில் வந்துச்சா?' என்று கேட்கும் வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு அது சரிப்படாது. நான் அணைத்துவிட்டேன்.

மெயிலைக் கிளவுடில் வைத்திருப்பவர்களுக்கு இது தேவையில்லை. சொந்த சர்வர் வைத்திருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். முதலில் சோதனை முறையில் ஓட்டுங்கள். எதையும் தடுக்காமல் தலைப்பில் குறி மட்டும் வைக்கும். அந்தக் குறிகள் சரியாக விழ ஆரம்பித்த பிறகு தடுக்கச் சொல்லுங்கள்.