காலிக் குலையா, மட்டையா, ரப்பர் இலையா, மரத்தூளா? தோட்டத்து ஊருக்கு ஏற்ற மூடாக்கு எது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில், களையை அடக்க மண்மேல் பரப்பும் மூடாக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஒருபக்கம் செம்பனை, மறுபக்கம் ரப்பர் எனப்படும் பால்மரம், இடையில் பலகை ஆலை. சும்மா கிடைக்கிறதே என்று எதையாவது அள்ளிக் கொட்டுகிறோம், இரண்டு மாதத்தில் பழையபடி புல். பொருளைவிட முதலில் பார்க்க வேண்டியது, நம் பாத்தியில் என்ன களை இருக்கிறது என்பதைத்தான்.

மூடாக்கு வெளிச்சத்தை மறைக்கும், அவ்வளவுதான். விதையிலிருந்து வரும் களைகள், அதாவது ரும்புட் இஸ்ரேல் எனப்படும் அசிஸ்தாசியா, தொட்டாச்சிணுங்கி போன்றவை, மூன்று அங்குல மூடாக்குக்கே அடங்கிவிடும். லாலாங் புல்லும் கோரையும் அப்படியில்லை. இரண்டுக்கும் மண்ணுக்குள் சேமிப்பு உண்டு. கூர்நுனியால் காட்போர்டையே துளைத்து மேலே வரும். லாலாங்கின் வேர்த்தண்டு பெரும்பாலும் மேல்மண்ணில், ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்குள் ஓடும். மண்வெட்டியால் கொத்தினால் துண்டு துண்டாகி, கணு உள்ள ஒவ்வொரு துண்டும் முளைக்கும். முள்கரண்டியால் நெம்பி, நீளமாக உருவி எடுத்த பிறகுதான் மூடாக்கு. கோரைக்கு அதுவும் போதாது. மூடிய பிறகும் தலைகாட்டும் ஒவ்வொரு முளையையும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிடுங்கிக்கொண்டே இருந்தால்தான் கிழங்கு இளைக்கும்.

இனி நான்கையும் பார்ப்போம்.

மரங்களுக்குக் காலிக் குலையை மிஞ்ச வேறொன்றில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் தண்டான் கோசோங் என்று கேட்டால் காட்டுவார்கள். பழம் உதிர்த்தபின் மிஞ்சும் இந்த நார்க்குலை, பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வரும். புதுக்குலையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். பத்து குலை ஏற்றினாலே தள்ளுவண்டி திணறும். பொட்டாசியம் மிகுந்தது; முதல் சில மழையிலேயே கரைந்து மண்ணில் இறங்கிவிடும். வாழை, தென்னை, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் விருந்து. மண்ணோடு மண்ணாக ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும்.

ஆனால் ஒரே அடுக்காகத்தான் போட வேண்டும். தோட்டங்களில் ஹெக்டேருக்கு 30 முதல் 40 டன் வரை கொட்டினாலும், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க விடமாட்டார்கள். குவிந்து அழுகும் குலைக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரியும் ஓலையில் கத்தரியால் வெட்டியது போல ‘வி’ வடிவ வெட்டு தெரிந்தால் அதன் வேலைதான். குலையைப் புரட்டும்போது வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைக் கண்டால் பொறுக்கி அழித்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஈயும் வாடையும் இருக்கும். சமையலறை ஜன்னலுக்குக் கீழே கொட்டிவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம்.

இன்னொரு குறை, குலைகளுக்கு நடுவே விழும் சந்து. களை அந்த வழியாகத்தான் வரும். பாராங் கத்தியால் இரண்டாக நான்காகப் பிளந்து நெருக்கிப் போட்டு, சந்துகளில் காய்ந்த இலையைத் திணித்தால் அடைபடும். மிளகாய், கத்தரிப் பாத்திக்கு இது ஒத்துவராது. முண்டுமுண்டாக இருப்பதால் சின்ன நாற்று நசுங்கும்.

காய்கறிப் பாத்திக்கு ரப்பர் இலை. வடக்கே பெப்ரவரி, மார்ச் வாக்கில் மரம் இலை கொட்டும்போது கோணி கோணியாக அள்ளலாம். மென்மையானது, நாற்றை நோகடிக்காது, மக்கினால் மண் பொலபொலவென்றாகும். குறை, சீக்கிரம் அமுங்கிவிடும். ஐந்து அங்குலம் போட்டால் சில வாரத்தில் இரண்டு அங்குலம்தான் மிஞ்சும். அதனால் அடியில் காட்போர்டு விரிப்பது நல்லது. டேப்பை உரித்து, விளிம்புகள் ஒரு சாண் ஏறிக்கிடக்கும்படி பரப்பி, நன்றாக நனைத்த பிறகு இலை. காய்ந்த காட்போர்டு மழைநீரை மண்ணுக்கு விடாமல் வழித்து ஓட்டிவிடும். இலையோடு வரும் ரப்பர் கொட்டைகளையும் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாத்தியில் பால்மரக் கன்று முளைக்கும்.

செம்பனை மட்டை களையை அடக்குவதில் சுமார்தான். முழுசாகப் போட்டால் இடைவெளி, நறுக்கினால் கைவலி, அடிமட்டையில் முள் வேறு. வேலியோரத்தில் அடுக்கிவைக்க மட்டும் சரி. அடுக்கு உயர்ந்தால் எலி குடிவரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். மட்டையின் குழிவில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு, ஆகவே கவிழ்த்துப் போடுங்கள்.

மரத்தூளைப் பலர் விரும்புகிறார்கள். நடைபாதைக்கு நல்லது, பாத்திக்கு எச்சரிக்கை. அதில் கார்பன் மிக அதிகம், நைட்ரஜன் சொற்பம். மண்ணோடு கலந்தால் நுண்ணுயிர்கள் மண்ணின் நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். மேலாகப் போட்டால் பாதிப்பு குறைவு. தடிமனாகக் கொட்டினால் இறுகி, தண்ணீர் இறங்காத ஓடாகிவிடும். முக்கியமாக எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். ரப்பர் பலகைக்குப் பூச்சி வராமலிருக்கப் போரான் மருந்து ஏற்றுவது வழக்கம். மருந்து ஏற்றிய பலகையை அறுக்கும் நாற்காலித் தொழிற்சாலைத் தூள் செடிக்கு ஆகாது. பச்சை மரம் அறுக்கும் ஆலைத் தூளாக இருக்க வேண்டும்.

வெட்டிய லாலாங்கையே மூடாக்காக்கலாம், பூ வைக்கும் முன் வெட்டினால். களைக்கொல்லி மருந்து அடித்த இடத்துப் புல்லை மட்டும் தொடாதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடையில் இருந்தாலும், அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் டிரைக்ளோபைர் வெட்டிய புல்லில் தங்கி வந்து தக்காளி இலையைச் சுருட்டிவிடும்.

கணக்கு எளிது. நூறு சதுர அடிக்கு மூன்று அங்குலம் என்றால் 25 கன அடி, ஏறத்தாழ 700 லிட்டர். 50 கிலோ உரப்பையில் பன்னிரண்டு. இலைக்கு இரட்டிப்பாக வையுங்கள். எதைப் போட்டாலும் செடித் தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் தண்டு அழுகும். வீட்டுச் சுவருக்கும் மூடாக்குக்கும் நடுவே குறைந்தது ஓரடி வெறும் மண் இருக்கட்டும். கரையான் காட்போர்டில் தொடங்கிக் கதவுச் சட்டத்துக்கு ஏறிவிடும்.