கருக்கலைப்பு உரிமை அமெரிக்காவில் யார் கையில் இருந்தால் நிலைக்கும்?

2022 ஜூன் 24 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில், தன் 1973-ஆம் ஆண்டு ரோ தீர்ப்பை ரத்து செய்து தீர்ப்புச் சொன்னது. கருக்கலைப்பு உரிமைக்கு அரசியல் சாசனத்தில் இடமில்லை, இதை முடிவு செய்யும் அதிகாரத்தை மக்களுக்கும் அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கும் திருப்பித் தருகிறோம் என்பது அதன் சாரம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் மக்களிடம் கொடுப்பது வேறு, பிரதிநிதிகளிடம் கொடுப்பது வேறு. அடுத்த இரண்டே ஆண்டுகளில் பல மாநிலங்களில் அது வெட்ட வெளிச்சமாகிவிட்டது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்ற முடிவு அந்தப் பெண்ணுடையது என்று நினைப்பவன் நான். ஆகவே இங்கே நான் எடைபோடுவது, அந்த உரிமையை நீதிமன்றம், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றம், அதிபர், மாநிலங்கள் ஆகியவற்றில் யாரிடம் ஒப்படைத்தால் ஒரு பெண் அதை நம்பி வாழ முடியும் என்பதைத்தான்.

உச்ச நீதிமன்றம்

1973 ஜனவரியில் ரோ வழக்கில், கருக்கலைப்பைச் சாசன உரிமையாக அங்கீகரித்து 7-க்கு 2 என்ற கணக்கில் வந்த தீர்ப்பின் பெரிய பலம் அதன் வீச்சு. டெக்சாஸில் இருந்தாலும் நியூயார்க்கில் இருந்தாலும் ஒரே உரிமை. அந்தத் தீர்ப்புக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் கனமானது எதிர்முகாமிலிருந்து வந்ததல்ல. பெண்கள் உரிமைக்காக வாதாடியே பெயர் பெற்று, பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியான ரூத் பேடர் கின்ஸ்பர்க் சொன்னது அது. நீதிமன்றம் ஒரே தாவலில் அதிக தூரம் போய்விட்டது, வழக்குக்குக் காரணமான டெக்சாஸ் சட்டத்தை மட்டும் ரத்து செய்துவிட்டு மற்றதை அரசியலுக்கு விட்டிருக்கலாம் என்பது அவர் கருத்து.

எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அரசியல் வழி அப்போது அவ்வளவு தெளிவாகத் திறந்திருக்கவில்லை. நியூயார்க் 1970-ல் கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கியது. இரண்டே ஆண்டுகளில் அதே சட்டமன்றம் அந்தச் சட்டத்தை நீக்க வாக்களித்தது. ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் வீட்டோ செய்ததால்தான் சட்டம் பிழைத்தது. அதே 1972-ல் மிச்சிகனில் நடந்த பொது வாக்கெடுப்பில் கருக்கலைப்புக்கு ஆதரவான தரப்பு படுதோல்வி அடைந்தது. நீதிமன்றம் காத்திருந்திருந்தால் எத்தனை பெண்கள் எத்தனை ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்?

ஆனால் நீதிமன்றம் தந்ததை நீதிமன்றமே எடுத்துக்கொள்ள முடியும் என்ற பலவீனத்தை மறுக்க முடியாது. 1992-ல் கேசி வழக்கிலேயே ரோ தீர்ப்பு கிட்டத்தட்டப் போயிருக்கும். 5-க்கு 4-ல் அதைக் காப்பாற்றிய நீதிபதிகள் ஓ'கானர், கென்னடி, சூட்டர் மூவருமே, கருக்கலைப்பைப் பொதுவாக எதிர்க்கும் குடியரசுக் கட்சியின் அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள். மனைவி கருக்கலைப்பு செய்துகொள்ளும் முன் கணவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற பென்சில்வேனியா விதியை அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. அந்த வழக்கு கீழே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தபோது, அந்த விதி செல்லும் என்று தனியாக எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. முப்பது ஆண்டுகள் கழித்து டாப்ஸ் தீர்ப்பை எழுதியவரும் அவர்தான்.

நடுவில் மாறியது ஆட்கள். 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். தேர்தல் ஆண்டு என்று சொல்லி, அதிபர் ஒபாமா அந்த இடத்துக்கு முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, குடியரசுக் கட்சியின் கையிலிருந்த நாடாளுமன்ற மேலவையான செனட் விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. 2020 செப்டம்பரில் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது அதே செனட், டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பேரட்டை 52-க்கு 48 என்று உறுதிசெய்தது. டாப்ஸ் வழக்கில், 15 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் மிசிசிப்பியின் சட்டம் செல்லும் என்பதில் 6 நீதிபதிகள் ஒத்துப்போனார்கள். ரோ தீர்ப்பையே தூக்கியெறிவதில் 5 பேர்தான். தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்றார். அந்த ஐந்தாவது வாக்கு எப்படி வந்தது என்று யோசித்தால், நீதித்துறை தனித்து நிற்கும் தூண் என்ற பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பது புரியும். நீதிபதியை அதிபர் முன்மொழிகிறார், செனட் உறுதிசெய்கிறது. அந்த இரண்டு கைகளின் நேரக்கணக்கே இந்த உரிமையின் ஆயுளைத் தீர்மானித்தது.

காங்கிரஸ்

நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு, போட வாய்ப்பிருந்தபோது போடவில்லை என்பதுதான் பதில். 1993-லும் 2009-லும் வெள்ளை மாளிகையும் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தன. உச்ச நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்ற தைரியம் ஒரு காரணம். கருக்கலைப்பை எதிர்த்த உறுப்பினர்கள் அப்போது அந்தக் கட்சிக்குள்ளேயே கணிசமாக இருந்தது இன்னொரு காரணம். கடைசியில் 2021-ல் கீழவையான பிரதிநிதிகள் சபை கருக்கலைப்பு உரிமையைப் பாதுகாக்கும் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். 2022 மே மாதம் அதற்குக் கிடைத்தது 49.

காங்கிரஸ் செய்து முடித்த காரியம் வேறு திசையில் இருக்கிறது. 1976-ல் வந்த ஹைட் திருத்தம், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் மத்திய அரசுப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடுவதைத் தடுத்தது. 1980-ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ரோ தீர்ப்பு உயிரோடு இருந்த காலத்திலேயே, கையில் காசில்லாத பெண்ணுக்கு அந்த உரிமை காகிதத்தில் மட்டும்தான் இருந்தது. இந்த வரலாற்றில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். அப்புறம் ஒரு சிக்கல்: நாளை காங்கிரஸ் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தாலும், சாசனத்தில் இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்ட உரிமையை நிலைநாட்டும் சட்டம் என்று அதற்கு நியாயம் சொல்ல முடியாது. மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். அது செல்லுமா என்று சொல்லப்போவதும் உச்ச நீதிமன்றத்தின் அதே ஒன்பது நீதிபதிகள்.

அதிபர்

நான்கில் மிக அதிகமாக ஆட்டம் காண்பது இதுதான். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் கருக்கலைப்பு பற்றி ஆலோசனை சொன்னால்கூட அமெரிக்க உதவியை நிறுத்தும் கொள்கையை ரீகன் 1984-ல் கொண்டுவந்தார். கிளிண்டன் நீக்கினார், புஷ் மீட்டார், ஒபாமா நீக்கினார், டிரம்ப் மீட்டார், பைடன் நீக்கினார், 2025-ல் டிரம்ப் மறுபடி கொண்டுவந்தார்.

நிர்வாகத்தின் உண்மையான செல்வாக்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் இருக்கிறது. கருக்கலைப்புக்கான மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரைக்கு அது 2000-ல் அனுமதி கொடுத்தது. 2021 முதல் தபாலில் அனுப்பவும் வழிவிட்டது. அதை எதிர்த்த மருத்துவர்களின் வழக்கை 2024-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. ஆனால் மாத்திரை பாதுகாப்பானதா என்பதற்குள் நீதிபதிகள் போகவில்லை. வழக்குப் போட்டவர்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வேறொருவர் தகுதியோடு வரலாம். எஃப்டிஏவே தன் விதியை மாற்றவும் செய்யலாம்.

மாநிலங்கள்

சரி, டாப்ஸ் சுட்டிக்காட்டிய இடத்துக்கு வருவோம். மாநிலத்திலும் சட்டமன்றம், ஆளுநர், நீதிமன்றம் என்று அதே மூன்று அங்கங்கள்தான். டெக்சாஸில் அவை எப்படி வேலை செய்தன என்பதற்கு 2023 டிசம்பரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கருவுக்கு உயிர் பிழைக்க வாய்ப்பில்லாத குரோமோசோம் குறைபாடு இருப்பது தெரிந்து ஒரு பெண் நீதிமன்றத்துக்குப் போனார். மாவட்ட நீதிபதி கருக்கலைப்புக்கு அனுமதி கொடுத்தார். அன்றைக்கே மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன், அந்த உத்தரவு உங்களைக் காப்பாற்றாது என்று ஹூஸ்டன் மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் இரவு மாநில உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. அதற்கு மூன்றாம் நாள் அதை ரத்தும் செய்தது. அதற்குள் அந்தப் பெண் வேறு மாநிலத்துக்குக் கிளம்பிவிட்டார். ஓர் அங்கத்தை மற்றொன்று தட்டிக்கேட்கும் என்ற ஏற்பாடு, மூன்றும் ஒரே கட்சியின் பிடியில் இருக்கும்போது இப்படித்தான் ஆகிறது.

இதோடு ஒஹாயோவை வைத்துப் பாருங்கள். அங்கே சட்டமன்றம் 2019-லேயே, கர்ப்பத்தின் ஆறாவது வாரம் போல் தொடங்கிக் கருக்கலைப்பைத் தடுக்கும் ஆறு வாரத் தடைச் சட்டம் போட்டிருந்தது. டாப்ஸ் வந்த அன்று மாலையே அது அமலுக்கு வந்தது, சில மாதங்களில் ஒரு மாவட்ட நீதிபதி நிறுத்திவைத்தார். மக்கள் கையெழுத்துத் திரட்டி, மாநில அரசியல் சாசனத்தையே திருத்தக் கிளம்பினார்கள். திருத்தம் நிறைவேறப் பாதிக்கு மேல் வாக்கு போதும் என்றிருந்ததை 60 சதவீதமாக உயர்த்த சட்டமன்றம் 2023 ஆகஸ்டில் தனித் தேர்தல் வைத்தது. ஆகஸ்டில் யாரும் ஓட்டுப்போட வருவதில்லை, செலவுதான் மிச்சம் என்று சொல்லி, அப்படிப்பட்ட தேர்தல்களில் பெரும்பாலானவற்றை அதே சட்டமன்றம்தான் சில மாதங்களுக்கு முன் ஒழித்திருந்தது. மக்கள் வந்தார்கள். சுமார் 57 சதவீதம் பேர் சட்டமன்றத்தின் யோசனையை நிராகரித்தார்கள். நவம்பரில் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கருக்கலைப்பு உரிமையைச் சாசனத்தில் எழுதினார்கள். ஒரே மாநிலம், ஒரே வாக்காளர்கள். பிரதிநிதிகளைக் கேட்டால் ஒரு பதில், மக்களைக் கேட்டால் நேர் எதிரான பதில்.

கான்சாஸும் அப்படித்தான். 2020-ல் டிரம்புக்கு 56 சதவீதம் கொடுத்த அந்த மாநிலம், கருக்கலைப்பு உரிமையைச் சாசனத்திலிருந்து நீக்கும் திருத்தத்தை 2022 ஆகஸ்டில் சுமார் 59 சதவீத வாக்குகளால் தோற்கடித்தது. அங்கே மக்கள் காப்பாற்றியது, மாநில உச்ச நீதிமன்றம் 2019-ல் அங்கீகரித்த உரிமையை. 1972-ல் மறுத்த மிச்சிகனும் 2022-ல் சுமார் 57 சதவீதத்தோடு ஏற்றுக்கொண்டது.

இன்றைய நிலையில் என் தேர்வு இதுதான்: மாநில அரசியல் சாசனத்தில், மக்களின் நேரடி வாக்கால் எழுதப்பட்ட உரிமை. ஒரு செனட்டரின் மனமாற்றமோ ஒரு நீதிபதியின் மரணமோ அதை எளிதில் அசைக்காது. அதே சமயம் இதன் குறைகள் சின்னவை அல்ல. ஃப்ளோரிடாவில் 2024-ல் 57 சதவீதம் பேர் ஆதரித்தும் 60 சதவீத வரம்பைத் தொடாததால் ஆறு வாரத் தடை நீடிக்கிறது. மிசௌரியில் 2024-ல் மக்கள் ஏற்ற திருத்தத்தை நீக்க, 2026 நவம்பரில் மறு வாக்கெடுப்பு வைக்கச் சட்டமன்றம் அடுத்த ஆண்டே தீர்மானித்துவிட்டது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டிச் சாசனத் திருத்தம் கொண்டுவர வழியே கிடையாது. அங்கே இருக்கும் பெண்களுக்குக் காங்கிரஸ் சட்டத்தை விட்டால் வேறு கதி இல்லை. ஆகவே வாக்கெடுப்புகளில் கிடைத்த வெற்றியோடு நிற்காமல், செனட்டின் அந்த 60 வாக்கு விதியைத் தளர்த்தும் வேலையையும், அதோடு சேர்த்து ஹைட் திருத்தத்தை நீக்கும் வேலையையும் ஆதரவாளர்கள் இப்போதே கையிலெடுக்க வேண்டும்.