சாகிற ஹார்டு டிஸ்க்கும் டிடிரெஸ்க்யூவும்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

ரெக்கவரிக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். நான் சொல்கிற பெயரை அநேகமாக யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதற்கு விளம்பரம் கிடையாது, காசு கிடையாது, மவுஸால் அழுத்த ஒரு பட்டன்கூடக் கிடையாது. பெயர் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. அன்டோனியோ டியாஸ் டியாஸ் என்பவர் 2004-லிருந்து எழுதி இலவசமாகக் கொடுத்துவரும் புரோகிராம், லினக்ஸில் ஓடுவது. தொலைந்த ஃபைல் எதையும் அது தேடித் தராது. கெட்டுக்கொண்டிருக்கிற டிஸ்க்கிலிருந்து படிக்க முடிந்ததையெல்லாம் நல்ல டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுக்கும், அவ்வளவுதான். டேட்டா பிழைக்குமா போகுமா என்பது பெரும்பாலும் அந்த நகலெடுப்பில்தான் முடிவாகிறது என்பது என் அனுபவம்.

கடை சேலம் ஐந்து ரோடு பக்கம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக் கணக்கு, அம்மாப்பேட்டை ஸ்டுடியோக்களின் கல்யாணப் படங்கள், ஆடிட்டர் ஆபீஸின் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் ஃபைல்கள், ஏற்காடு எஸ்டேட்டின் கூலிப் பட்டியல் என்று எல்லாவிதமான டிஸ்க்கும் வரும். அவற்றில் பாதிக்கு மேல், வருவதற்கு முன்பே யாராவது ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேரை இறக்கி ராத்திரி முழுக்க ஸ்கேன் ஓடவிட்ட டிஸ்க்காக இருக்கும். ‘98 சதவீதம் கிடைக்கும், பணம் கட்டுங்கள்’ என்று திரையில் காட்டியதை ஃபோனில் படம் எடுத்தும் வைத்திருப்பார்கள்.

தவறிப்போய் டெலீட் செய்தது, தெரியாமல் ஃபார்மட் அடித்தது, இதற்கெல்லாம் அந்த சாஃப்ட்வேர்கள் போதும். டிஸ்க்கே உடம்பு சரியில்லாமல் இருக்கும்போதுதான் அவை ஆபத்து. ஹார்டு டிஸ்க்குக்குள் தகடு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகிறது. படிக்கும் ஹெட் அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. பலவீனமான ஹெட் ஒரு கெட்ட இடத்தில் மாட்டினால் டிஸ்க் தானாகவே அங்கே திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். விண்டோஸும் தன் பங்குக்கு மறுபடி கேட்கும். ஸ்கேன் சாஃப்ட்வேரோ முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கில் டேட்டா எழுதப்படும் சின்னக் கட்டம்) வரிசையாகத்தான் போகும். கெட்ட இடம் முன்பக்கத்தில் இருந்துவிட்டால், பின்னால் இருக்கும் நல்ல 90 சதவீதத்தைத் தொடுவதற்கு முன்பே ஹெட் போய்விடும். அதற்குப் பிறகு எந்த சாஃப்ட்வேராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏற்காட்டில் காப்பிப் பழம் எடுப்பவர்கள் ஒரே நாளில் செடியை மொட்டையடிக்க மாட்டார்கள். பழுத்ததை முதல் சுற்றில் எடுத்துவிட்டு மீதிக்கு மறுபடி வருவார்கள். டிடிரெஸ்க்யூ செய்வதும் அதுதான். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்கக் கிடைப்பதை மட்டும் பெரிய பெரிய துண்டுகளாக வாரிக்கொள்ளும். எங்காவது தடங்கினால் நிற்காமல் தாண்டிக் குதித்து அடுத்த இடத்துக்குப் போய்விடும். பிறகு எதிர்த்திசையில் ஒரு சுற்று வரும். அதற்கப்புறம்தான் கெட்ட பகுதிகளின் ஓரங்களை அரித்தெடுக்கும், அப்புறம் உள்ளே புகுந்து செக்டர் செக்டராகச் சுரண்டும். எது கிடைத்தது, எது பாக்கி என்பதையெல்லாம் மேப் ஃபைல் என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகிவிட்டது என்று நானே நிறுத்தினாலும், அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மேப் ஃபைல் இல்லாமல் ஆரம்பித்தால் இந்த வசதி மொத்தமும் கிடையாது.

ஒரு செப்டம்பர் மாதக் கடைசி. டாக்ஸ் ஆடிட் கெடு நெருங்கும் நேரத்தில் ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றிலிருந்து 1 டிபி டிஸ்க் வந்தது. கொண்டுவந்த பையன், “அண்ணா, டேலி ஃபோல்டர் மட்டும் வந்தாப் போதுங்கண்ணா, வேற எதுவும் வேண்டாம்” என்றான். முகம் வெளிறியிருந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் தகவலைப் பார்த்தேன். 197-ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் கணக்கு, ஏறிக்கொண்டே இருந்தது. சுரண்டும் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லும் தெரிவோடு முதல் சுற்றை ஓடவிட்டேன். திரையில் மீட்டது எவ்வளவு, இன்னும் தொடாதது எவ்வளவு, கடைசியாக வெற்றிகரமாகப் படித்து எத்தனை வினாடி ஆயிற்று என்று வரிகள் மாறிக்கொண்டே இருந்தன. நான் அதிகம் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். அது பூஜ்யத்தில் நின்றால் டிஸ்க் ஒத்துழைக்கிறது. ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, அடுத்த முறை பின்னாலிருந்து படிக்கச் சொல்லித் தொடங்குவேன். மறுநாள் காலையில் 99 சதவீதத்துக்கு மேல் வந்திருந்தது.

டேலிக்கு அந்த மீதி ஒரு சதவீதம் எங்கே விழுந்தது என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. டிடிரெஸ்க்யூவில் நிரப்பும் முறை என்று ஒன்று இருக்கிறது. படிக்க முடியாத இடங்களில் மட்டும், நகலின் மேல், நாம் கொடுக்கும் ஒரு வாசகத்தை எழுதிவிடும். அப்புறம் நகலிலுள்ள ஃபைல்களில் அந்த வாசகத்தைத் தேடினால் எந்தெந்த ஃபைல் அடிபட்டது என்று பெயரோடு தெரிந்துவிடும். அன்று அடிபட்டவை சில வீடியோக்களும் ஒரு பழைய விண்டோஸ் அப்டேட்டும். 10000 என்று தொடங்கும் கம்பெனி ஃபோல்டர்கள் எல்லாம் சுத்தம். இதைப் பார்க்காமல் ‘டேட்டா வந்துவிட்டது’ என்று கொடுத்தனுப்ப எனக்கு மனசு வராது. கெட்டுப்போன கணக்கு ஃபைல் திறக்கிற மாதிரியே திறந்து, மார்ச் மாதத்தில் காலை வாரும்.

குறைகளும் சொல்ல வேண்டும். கட்டளையில் மூலமும் இலக்கும் இடம் மாறினால், வெற்று டிஸ்க்கை எடுத்து டேட்டா டிஸ்க்கின் மேல் எழுதிவிடும். ஆகவே டிஸ்க்கின் மேலே ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரைத் திரையில் வருவதோடு ஒத்துப் பார்க்காமல் என்டர் தட்டக் கூடாது. டிஸ்க் முழுதாக உறைந்துவிட்டால் அதன் பவரைக் கழற்றி மாட்டும் வேலை நம்முடையது. நகலுக்கு அதே அளவோ பெரியதோ இன்னொரு டிஸ்க் வேண்டும். “டேட்டா வந்தப்புறம் புது டிஸ்க் வாங்கிக்கலாமுங்களே” என்று நிறையப் பேர் கேட்பார்கள். முடியாது, முதலில் வேண்டியதே அதுதான். முடிந்தவரை யூஎஸ்பி பெட்டியிலிருந்து கழற்றி நேராகக் கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளில் மாட்டுவது நல்லது. ஆனால் சில வெளி டிரைவ்களில் பெட்டிக்குள் இருக்கும் சின்ன போர்டே டேட்டாவைப் பூட்டி எழுதுகிறது, நாம் பாஸ்வேர்டு எதுவும் போட்டிருக்காவிட்டாலும். அதைக் கழற்றி நேராக மாட்டினால் குப்பை எழுத்துதான் தெரியும். அந்தப் போர்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல், மே மாதங்களில் மலையிலிருந்து வரும் கேஸ்கள் வேறு மாதிரி. மதியத்துக்கு மேல் இடி மழை பிடிக்கும், மறுநாள் ஒரு தங்கும் விடுதியிலிருந்தோ எஸ்டேட் ஆபீஸிலிருந்தோ ஃபோன் வரும். “இடி விழுந்துச்சுங்க, அதுலயிருந்து டிஸ்க் சுத்தவே மாட்டேங்குது.” இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குகளின் போர்டில் 5 வோல்ட், 12 வோல்ட் வழிகளில் டிவிஎஸ் டையோடு என்ற காவல் பாகம் இருக்கிறது. மின்அழுத்தம் எகிறினால் அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்றதைக் காப்பாற்றும். மல்டிமீட்டரில் அது ஷார்ட் என்று காட்டினால், அதை எடுத்துவிட்டு, நல்ல பவர் சப்ளையில் மாட்டி, நேராக டிடிரெஸ்க்யூவில் போட்டுவிடுவேன். பலமுறை டிஸ்க் ஒன்றுமே நடக்காதது போலச் சுற்றியிருக்கிறது. காவல் இல்லாத அந்த டிஸ்க்கை நகலெடுத்த பிறகு யாரும் பயன்படுத்தக் கூடாது.

டையோடு நன்றாக இருந்தும் டிஸ்க் எழவில்லை என்றால் போர்டின் மற்ற பாகங்கள் போயிருக்கும். அதே மாடல் போர்டு ஒன்றைப் பிடித்து மாட்டினால் போதும் என்று நினைப்பார்கள், பழைய டிஸ்க்குகளில் அது நடந்ததும் உண்டு. இப்போதைய போர்டுகளில் அந்தந்த டிஸ்க்கின் ஹெட்டுக்கே உரிய அளவீடுகள் ஒரு ரோம் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். சிப்பைப் பழைய போர்டிலிருந்து எடுத்துப் புதியதில் வைக்காவிட்டால் டிஸ்க் வேலை செய்யாது.

நகல் கைக்கு வந்த பிறகு உள்ள வேலைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே அவசரம் இல்லை, திரும்பத் திரும்ப முயன்று பார்க்கலாம். பார்ட்டிஷன், அதாவது சி, டி என்று டிஸ்க்கைப் பிரித்த பகுதி, காணாமல் போயிருந்தால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகைப் பார்ட்டிஷனின் தொடக்க செக்டர் அழிந்திருந்தாலும் அதன் பிரதி பார்ட்டிஷனின் கடைசியில் இருக்கும், அதை வைத்துச் சரிசெய்துவிடும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபைல் சிஸ்டமே சிதைந்திருந்தால் அதே பொதியில் வரும் ஃபோட்டோரெக். இது ஃபைல் பெயர், ஃபோல்டர் எதையும் பார்க்காது. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் உரிய தொடக்க அடையாளத்தைத் தேடி வெட்டியெடுக்கும். ஸ்டுடியோக்காரர்களின் மெமரி கார்டுக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. டேலி கணக்குக்கு இது உதவாது, அங்கே பெயரும் ஃபோல்டரும்தான் உயிர். கல்யாண வீடியோவிலும் சிக்கல் உண்டு. நீளமான வீடியோ கார்டில் துண்டு துண்டாக விழுந்திருக்கும், ஃபோட்டோரெக் தொடர்ச்சியாக இருப்பதை மட்டுமே சரியாக எடுக்கும். பேட்டரி நடுவில் போய் மூடப்படாமல் நின்ற வீடியோவாக இருந்தால் அன்ட்ரங்க் என்ற இன்னொரு இலவசக் கருவி உண்டு. அதே கேமராவில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றைக் காட்டினால் அதை மாதிரியாக வைத்து உடைந்ததை எழுப்பிவிடும். ஒரு தாலி கட்டும் காட்சி அப்படித்தான் திரும்பியது. அந்தக் கேமராமேன் ஸ்டூலில் உட்கார்ந்து நாதஸ்வரச் சத்தம் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கடகடவென்று சத்தம் போடும் டிஸ்க்கையும் கீழே விழுந்த டிஸ்க்கையும் நான் ஓடவிட்டுப் பார்ப்பதில்லை. ஹெட் மாற்றத் தூசியில்லாத அறை வேண்டும், அது சென்னை, பெங்களூரு லேப்களின் வேலை, பத்தாயிரத்துக்கு மேல் செலவாகும். அதைச் சொன்னதும் ஃப்ரீஸரில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், லேபிலும் கைவிரித்துவிடுவார்கள்.

இப்போது வரும் லேப்டாப்களில் பெரும்பாலும் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தகடு இல்லாமல் சிப்பில் டேட்டாவை வைக்கும் டிஸ்க். அதில் டெலீட் செய்ததைத் திரும்ப எடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. விண்டோஸ் 7 தொடங்கி, அழித்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸே டிரிம் கட்டளை மூலம் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்யங்கள்தான் வரும். இதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பணம் வாங்கிக்கொண்டு இரண்டு நாள் இழுத்தடிப்பதில் அர்த்தமில்லை.

அதோடு புது விண்டோஸ் 11 லேப்டாப் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்பட்டுவிடுகிறது. நகல் முழுதாக வந்தாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் ஒரு ஃபைலும் திறக்காது. சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவி தன் புராஜெக்ட் இருந்த லேப்டாப்பைக் கொண்டுவந்தார். மதர்போர்டு போயிருந்தது, எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருந்தது. அப்படி எதையும் பூட்டவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். அவருடைய மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டை ஃபோனில் திறக்கச் சொன்னேன். சாவி அங்கே, லேப்டாப்பின் பெயரோடு, அவருக்கே தெரியாமல் சேமிக்கப்பட்டிருந்தது. அவர் எட்டு ஆறிலக்க எண்களையும் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன், நகல் திறந்துகொண்டது.