ஆச்சியின் காதைத் தைத்து அனுப்பிய ஸ்டூடியோ: பழைய போட்டோவைக் கொடுக்கும் முன் படியுங்கள்

வீட்டில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோவை 'புதுசு போல் ஆக்கித் தருகிறோம்' என்கிற கடைக்குக் கொண்டுபோகும் யோசனை இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோ எங்கள் ஆச்சி படத்துக்குச் செய்த வேலை இது. புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம்.

படம் 1950களில் எடுத்தது. ஹாஃப் பிளேட் அளவு, அதாவது நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம். ஆச்சி நிற்கிறாள், பக்கத்தில் முக்காலி, அதன்மேல் ஒரு பூச்சாடி. இரண்டு பக்கமும் மூக்குத்தி, கன்னத்தில் அம்மைத் தழும்பு, வளர்த்த காதில் பாம்படம். தெற்கத்திப் பக்கம் அந்தக் காலத்து ஆச்சிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காதின் கீழ்ச்சதை தோள் வரைக்கும் தொங்கும், அதில் கனத்த தங்க உருண்டையும் தட்டும் அசையும். ஆச்சிக்கு இருக்கும் ஒரே படம் இதுதான். மேல் மூலையில் மஞ்சள் கறை, கீழே பூச்சி அரித்திருந்தது, இடது ஓரம் ஈரம் ஏறி ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது.

கடையில் பேசியது இவ்வளவுதான். ஸ்கேன் செய்து, கறையையும் அரித்த இடத்தையும் சரி செய்து, 12க்கு 16 அங்குலத்தில் பிரிண்ட், கூடவே ஃபைல். மொத்தம் 3,500 ரூபாய், முன்பணம் 1,500. "போட்டோஷாப்ல கையாலயே டச்சப் பண்றோம்க்கா, ஆப்புல போட்டு எடுக்குற வேலை இல்ல. அதான் ரேட்டு" என்றார் உரிமையாளர். முகத்தில் கை வைக்க வேண்டாம், கண்ணாடியிலிருந்து பிரிக்கவும் வேண்டாம் என்று இரண்டையும் தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினார். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள்.

வாங்கப் போனபோது அம்மாவும் வந்தாள். பிரிண்டைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏட்டி, இது யாரு? எங்கம்மைய எங்க?" என்றாள்.

சேலையும் முக்காலியும் பூச்சாடியும் எங்கள் படத்தில் இருந்தவைதான். முகம் மட்டும் வேறு யாருடையதோ. தழும்பு போய்க் கன்னம் மெழுகு தடவியது போல வழவழவென்று இருந்தது. மூக்குத்தி ஒன்றுதான் இருந்தது. மூடியிருந்த வாய் லேசாகத் திறந்து பல்வரிசை தெரிந்தது. ஆச்சி பல்லைக் காட்டிப் படம் எடுத்தவள் இல்லை. காதுகள்? சின்னதாக, ஒழுங்காக, சின்ன ஜிமிக்கியோடு. பாம்படம் தொங்கிய இடத்தில் கழுத்தும் ரவிக்கையும் புதிதாக முளைத்திருந்தன.

கேட்டதற்கு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் பெருமையாகவே சொன்னான்: "பாட்டியோட காது கிழிஞ்சு தொங்கிக்கிட்டு இருந்துச்சுக்கா. அதையும் சேர்த்து சரி பண்ணிட்டோம். அதுக்குத் தனியா காசு இல்ல."

நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு ஒரு ஆள் இதைச் சொல்வான் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உண்மையில் அவன் எதையும் 'சரி பண்ண'வில்லை. ஸ்கேன் ஃபைலைக் கேட்டு வாங்கி, ப்ராப்பர்டீஸைத் திறந்து பார்த்தால் கேமரா என்ற இடத்தில் ஒரு மொபைல் மாடலின் பெயர் இருக்கிறது. அளவு 1536க்கு 2048 பிக்சல். ஓரத்தில் ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பு வேறு. மொபைலில் கிளிக், ஏதோ ஒரு ஆப்பில் ஏற்றம், வந்ததை அப்படியே பிரிண்ட். இதற்குத்தான் 3,500.

இந்த ஆப்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் ஆச்சிக்கு என்ன நடந்தது என்பது விளங்கும். முழு உருவம் நிற்கும் ஹாஃப் பிளேட் படத்தில் முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அந்த மொபைல் படத்தில் அது குத்துமதிப்பாக 160 பிக்சல் அகலம். அதில் கண் இமை முடி கிடையாது, தோல் துளை கிடையாது, இருந்தால்தானே மீட்க முடியும்? ஆகவே ஆப் மீட்பதில்லை, வரைகிறது. தான் பார்த்துப் பழகிய முகங்களிலிருந்து பொருத்தமான கண், மூக்கு, பல் என்று புதிதாக ஒரு முகத்தை உண்டாக்கி அந்த இடத்தில் ஒட்டுகிறது. 2021இல் வெளியான ஜிஎஃப்பிகான் என்ற முகச் சீரமைப்பு நிரல், இணையத்தில் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகப் படங்களில் பழகியது. முகத்தை 512க்கு 512 பிக்சலில் வரைந்து கொடுக்கும். அந்த 70,000 பேரில் பாம்படம் போட்ட கிழவிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் கடை எந்த ஆப்பைப் பயன்படுத்தியது என்று சொல்லவில்லை. ஆனால் முகம் மட்டும் வழுவழுப்பாகவும், கழுத்துக்குக் கீழே சேலை முழுக்கப் பழைய படத்தின் பொரிப்பொரியோடும் இருந்தால், அது இந்த வகை வேலைதான்.

திருத்தமே கூடாது என்று சொல்லவில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களே நெகட்டிவில் கூரான பென்சிலால் டச்சப் செய்தவர்கள்தான். ஆச்சி படத்தை எடுத்தவரும் செய்திருப்பார். அப்படியும் தழும்பை விட்டுவைத்திருக்கிறார்.

முறையாகச் செய்பவர் ஒருவரிடம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், கடைக்காரரை எடைபோட உதவும். படத்தைத் தட்டை ஸ்கேனரில், கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். காரணம், கலர் ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல், அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பதிவு இருக்கும். மஞ்சள் கறை நீல சேனலில்தான் கருப்பாகத் தெரியும். சிவப்பு சேனலை மட்டும் பார்த்தால் அதே இடம் கிட்டத்தட்ட சுத்தமாக இருக்கும். பாதிக் கறை பிரஷ்ஷைத் தொடாமலே போய்விடும். எங்கள் அளவுப் படத்தை 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 புள்ளியில் எடுத்தால் 5700க்கு 7800 பிக்சல் கிடைக்கும். 12க்கு 16 அங்குல பிரிண்டுக்கு 300 டிபிஐயில் 3600க்கு 4800 போதும், ஆக தாராளம். கடை கொடுத்த ஃபைலோ அங்குலத்துக்கு 128 பிக்சல்தான். ஸ்கேனை 16 பிட் டிஃப் என்கிற, தரம் குறையாத ஃபைலாகச் சேமித்து, ஒட்டும் வேலையெல்லாம் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள் விரித்தது போன்ற தனி அடுக்கில் செய்வார்கள். எனவே 'லேயரை ஆஃப் பண்ணிக் காட்டுங்க' என்று கேட்டால் அடியில் பழைய படம் அப்படியே தெரிய வேண்டும். ஆப்பில் செய்தவரிடம் லேயரே இருக்காது. இந்த ஒரு கேள்விக்கு அவர் முகம் போகிற போக்கே போதும்.

பிரிண்டோடு போயிருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அசலை உறையிலிருந்து எடுத்தபோதுதான் வயிறு எரிந்தது. கண்ணாடியிலிருந்து பிய்த்திருக்கிறார்கள். ஒட்டியிருந்த இடது ஓரத்தின் மேல்படலம் கண்ணாடியோடு போய், படத்தில் அந்த இடத்தில் வெறும் வெள்ளைத் தாள். பூச்சாடியில் பாதி காணோம். பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் சீட்டு நம்பரை அழுத்தி எழுதியதில் முன்பக்கம் ஆச்சியின் முழங்கைக்குக் கீழே எண்கள் புடைத்துத் தெரிகின்றன. "எப்படியும் பழசுதானக்கா, அதான் புதுசு கொடுத்திருக்கோம்ல" என்றார் உரிமையாளர். கண்ணாடியைக் கேட்டேன். நல்லவேளை, குப்பைக்கு இன்னும் போகவில்லை. கண்ணாடியில் ஒட்டிய துண்டு அப்படியே இருக்கிறது. துடைத்துவிடாதீர்கள், அதையும் தனியாக ஸ்கேன் செய்து சேர்க்கலாம் என்று அந்த வேலை தெரிந்தவர் சொல்லியிருக்கிறார். ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காமல் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்திருக்கலாமாம். அதற்குத்தானே வாய்விட்டுச் சொன்னேன்.

பாக்கி 2,000 ரூபாயைக் கொடுக்கவில்லை, பிரிண்டையும் எடுக்கவில்லை. அசலையும் கண்ணாடியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து சித்தி மகள் ஒரு லிங்க் அனுப்பினாள். கடையின் இன்ஸ்டாகிராமில் ஆச்சி. இடப்பக்கம் 'பிஃபோர்', வலப்பக்கம் 'ஆஃப்டர்', பின்னணியில் சோகப் பாட்டு. 'சூப்பர் ப்ரோ', 'பாட்டி செம' என்று கமெண்டுகள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடுக்கச் சொல்லி மெசேஜ் போட்டால் பார்த்துவிட்டுப் பதிலில்லை.

அதன்பிறகுதான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகாரைப் பதிந்தேன். கடையில் பேசிய ஆடியோ, மொபைல் மாடல் தெரியும் ஸ்கிரீன்ஷாட், கிழிந்த அசலின் படம் எல்லாம் கையில் இருந்தது வசதியாகப் போயிற்று. சேவைக்கு பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை, அதனால் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள் என்று தயங்கி நிற்க வேண்டாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

புகார் போனதும் இன்ஸ்டா பதிவு மட்டும் மறைந்துவிட்டது. முன்பணம் திரும்பி வரவில்லை. 'ஃப்ரீயா ரீடச் பண்ணித் தர்றோம், அசலை மறுபடி கொண்டு வாங்கக்கா' என்று ஒரு மெசேஜ் வந்தது, அதற்கு அடுத்தே பாக்கி 2,000 ரூபாய்க்கான ஜிபே கோரிக்கையும் வந்தது. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்த்துவிட்டேன்.