இப்போலித்தா, ஓபேனா? ஹைத்தி ஓவியம் சேகரிப்பவருக்கு

ஹைத்தியின் முதல் தலைமுறை ஓவியர்களில் ஒருவரின் அசலை மட்டும்தான் வாங்க முடியும் என்றால் யாருடையதை வாங்குவது? 1944-இல் டிவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் போர்ட்-ஓ-பிரின்ஸில் தொடங்கிய ‘சாந்த்ர் தார்’ கலைக்கூடம் வழியாக உலகத்துக்குத் தெரியவந்தவர்கள் பலர். அவர்களில் உச்சத்தில் இருவர்: எக்தோர் இப்போலித், பிலோமே ஓபேன்.

இப்போலித், ஆப்பிரிக்க வேர்கொண்ட ஹைத்தி மதமான வூடூவின் பூசாரி. ஒரு மதுக்கடைக் கதவில் அவர் தீட்டியிருந்த பூக்களும் பறவைகளும்தான் பீட்டர்ஸை அவரிடம் கொண்டுசேர்த்தன. கோழி இறகாலும் விரலாலும் வரைந்தவர். அவருடைய தெய்வங்களும் பெண்களும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள்; அந்தப் பார்வையிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. 1945 டிசம்பரில் ஹைத்திக்கு வந்த பிரெஞ்சு சர்ரியலிசக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் பார்த்த மாத்திரத்தில் சிலவற்றை வாங்கிக்கொண்டார். ஆனால் இப்போலித் 1948-இல், 53 வயதிலேயே போய்விட்டார். கலைக்கூடத்தோடு அவர் இருந்தது மூன்று ஆண்டுகள்தான். அதனால் அசல்கள் குறைவு, விலை அதிகம். பல படைப்புகள் அட்டையில் எனாமல் பெயின்ட்டால் ஆனவை. எண்ணெய் வண்ணம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நல்ல இப்போலித்கள் கைநழுவும். அட்டை ஈரத்தில் நெளியும் என்பதும் தனிக் கவலை.

ஓபேன் எல்லா வகையிலும் எதிர்த்துருவம். வடக்கே கேப்-ஹைத்தியன் நகரக்காரர், 1892-இல் பிறந்து 1986 வரை வாழ்ந்தவர். கலைக்கூடம் திறந்ததும் ஓவியம் ஒன்றைத் தானே அனுப்பிவைத்தார். மேசனைட் பலகையில் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) எண்ணெய் வண்ணம், அடியில் தெளிவான எழுத்தில் விளக்கம். அமைதியான தெருவைத் தீட்டியவர்தான் ஷார்ல்மாஞ் பெரால்த்தையும் தீட்டினார். ஹைத்தி அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்த 1919-இல், அதை எதிர்த்த அந்தக் கிளர்ச்சித் தலைவரை அமெரிக்க மரைன் படையினர் கொன்று, உடலைக் கதவில் கட்டிப் படமெடுத்து, மக்களை அச்சுறுத்தப் பரப்பினார்கள். அதே காட்சியை ஓபேன் சிலுவைப்பாடாக மாற்றி, பக்கத்தில் துயரத்தோடு நிற்கும் தாயையும் சேர்த்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

என் தேர்வு ஓபேன்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க நிறையப் படைப்புகள் இருக்கின்றன. பலகையும் அட்டையைவிடத் தாங்கும். ஒரே சிக்கல், தம்பி செனெக் தொடங்கிக் குடும்பத்தில் பலர் அதே பாணியில் வரைந்தவர்கள். ‘ஓபேன்’ என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கையொப்பத்தை முழுப் பெயராகப் படியுங்கள், அப்புறம் ஓவியத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள். கலைக்கூட முத்திரை, பழைய விற்பனைச் சீட்டு, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற விவரம் எல்லாம் கேளுங்கள்.

இருவருமே எட்டாவிட்டால் அதே கலைக்கூடத்து ஓவியர்களான ரிகோ பெனுவா, கஸ்தெரா பசீல், வில்சன் பிகோ பக்கம் போகலாம். எனக்குப் பிகோ மிகவும் பிடிக்கும். போர்ட்-ஓ-பிரின்ஸ் ஹோலி டிரினிட்டி பேராலயத்தில் அவர் தீட்டிய, பைபிளில் வரும் கானா ஊர்த் திருமணச் சுவரோவியம் 2010 நிலநடுக்கத்தில் இடிந்துபோனது. அங்கே பிழைத்த மூன்று சுவரோவியங்களில் ஒன்று ஓபேனின் கடைசி இராவுணவு.