பூங்கா, பஜனை, மையம்: அம்மா எங்கே நிலைத்தார்?

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் ஆகிறது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலக்கையும் வலக்காலும் தளர்ந்தன, பேச்சும் தடைப்பட்டது. மருத்துவமனைப் பிசியோதெரபி மாதம் ஒருமுறை என்று சுருங்கியதும், நாலு பேரோடு சேர்ந்து அவர் ஏதாவது செய்யட்டும் என்று பினாங்கிலேயே மூன்று இடங்களுக்கு அழைத்துப் போனேன். நிலைத்தது மறுவாழ்வு மையத்தின் குழுப் பயிற்சிதான். அதை முடிவு செய்தது பயிற்சி அல்ல, கழிப்பறை.

பூங்காவில் காலை ஏழு மணிக்குச் சீன ஆன்ட்டிகளின் தாய்ச்சி, மெல்ல அசையும் சீன உடற்பயிற்சி. காசு கிடையாது, காற்று உண்டு. உடலின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுவது சமநிலைக்கு நல்லது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை மட்டும் அசைத்தார். இரண்டு ஞாயிறுதான் போனோம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

பஜனையில்தான் எனக்கு ஆசை. வருடந்தோறும் தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளையும் ஏறியவர் அம்மா. இப்போது தரைமட்டத்தில் மண்டபம் உள்ள சிறிய கோயிலாகத் தேடினேன். "தண்ணீர்" என்று கேட்கத் திணறுபவர், அங்கே கூட்டத்தோடு முழு அடியையும் பாடிவிடுகிறார். பாட்டுக்கு வலமூளையும் கைகொடுக்கும் என்ற எண்ணத்தில்தான், மெட்டில் சொல்லவைத்துப் பேச்சை மீட்க முயலும் சிகிச்சையை 1973இல் பாஸ்டனில் உருவாக்கினார்கள். ஆனால் அது ஆளுக்கு ஆள் அளந்து தரும் பயிற்சி, பஜனை அப்படியல்ல. பாடிய சொல் பேச்சில் திரும்பி வந்ததா? ஐந்து வெள்ளிக்கிழமைகளில் நான் பார்க்கவில்லை.

இனி கழிப்பறை. அம்மாவின் இரத்த அழுத்த மருந்துகளில் ஒன்று நீர் மாத்திரை, சிறுநீரை அதிகமாக்குவது. காலையில் விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் எழுந்தாக வேண்டும். பூங்காவில் ஊனமுற்றோருக்கான கழிப்பறையில் துடைப்பமும் வாளியும் குடியிருந்தன. கோயிலில் இருப்பது குந்தும் கழிப்பறை, தரையெல்லாம் எந்நேரமும் ஈரம். அம்மா எதுவும் சொல்லவில்லை. வெளியே கிளம்பும் நாளில் காபியைத் தொடாமல் விட்டார். பிறகு ஒரு நாள், அந்த நீர் மாத்திரைகள் தலையணை உறைக்குள் இருந்ததைக் கண்டேன். ஒரு பக்கவாதத்தைப் பார்த்துவிட்ட வீட்டில் அழுத்த மாத்திரையை ஒளிப்பதா! அன்றே இரண்டு இடங்களையும் நிறுத்தினேன்.

மையத்தில் பீங்கான் இருக்கையின் இருபுறமும் கைப்பிடி. இருபுறமும் என்பதுதான் முக்கியம்: பல இடங்களில் வலச்சுவரில் மட்டும் வைத்திருக்கிறார்கள், அம்மாவின் உயிருள்ள கையோ இடக்கை. உதவிக்குப் பெண் ஊழியர் உண்டு. நாடா கட்டிய பைஜாமாவை ஒரு கையால் அவிழ்க்க முடியாது, எலாஸ்டிக் தைத்துக் கொடுங்கள் என்று சொன்னவரும் அவரே. எந்த மருத்துவரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. இப்போது அம்மா காபி குடித்துவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்.

மற்றபடி மையத்துக்கு மாதக் கட்டணம் உண்டு, போய்வந்தால் மதியம் முழுதும் தூங்கிவிடுகிறார். இத்தகைய குழுக்கள் மலேசியாவுக்குப் புதிதல்ல. தானே பக்கவாதத்திலிருந்து எழுந்த ஜானெட் இயோ 1996இல் தேசியப் பக்கவாதச் சங்கத்தைத் தொடங்கினார், அதற்குப் பினாங்கிலும் கிளை உண்டு. நாங்கள் போவது வேறொரு சிறிய மையம். அங்கே எல்லாரும் சேர்ந்து மலாயில் எண்ணிக்கொண்டே கைதூக்குகிறார்கள். தமிழில் மூன்று சொல்ல வராத அம்மா, "சத்து, டுவா, தீகா" என்று பத்துவரை போய்விடுகிறார். ஹொக்கியன் பேசும் பக்கத்து நாற்காலிச் சீனத் தாத்தாவுக்கும் அதே கதைதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள்.

பஜனையை முழுதாகக் கைவிட எனக்கு மனமில்லை. ஒரு மேற்கத்திய இருக்கையும் இடப்பக்கம் ஒரு கைப்பிடியும் வேண்டும் என்று கோயில் நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன். தைப்பூச வேலை முடியட்டும் என்கிறார்கள்.